கம்பளைக்கு மேலே ஓர் ஏற்றம்

எங்கள் காருக்கு என் வீட்டுக்காரர் வைத்தியம் பார்க்க உட்கார்ந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் ரப்பர் ஹோஸ் வெடித்தால் புதிது வாங்கிப் போட வேண்டும். இவரோ வெடித்த நுனியை மட்டும் கத்தியால் நறுக்கிவிட்டு, மிச்சத்தை இழுத்து மாட்டி, கிளிப்பை முறுக்குவார். அந்தப் பழைய காருக்கு அசல் ஹோஸ் நாங்கள் இருக்கும் கண்டியில் கிடைப்பதில்லை. வேறெதையும் போட மாட்டேன் என்று பிடிவாதம். நறுக்க நறுக்க ஹோஸ் குட்டையாகும், குட்டையானது விறைத்துக்கொண்டு மறுபடி ஒழுகும். டவுனுக்குள் ஓட அது போதும். மலை ஏறத்தான் ஆகாது.

என் அக்கா இருந்தது மலையில். கம்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஆயுளெல்லாம் வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து அறையில் கிடந்தவளுக்குக் கடைசியில் தனிவீடு கிடைத்தது. தனக்கென்று சமைக்க ஒரு குசினி, முன்னால் ஒரு துண்டு நிலம். பால் காய்ச்சும் நாளில் தங்கச்சி காரில் வருகிறாள் என்று லயம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். புதுச் சேலை கட்டிக்கொண்டு கிளம்பினேன். கம்பளை தாண்டி முதல் ஏற்றத்திலேயே பொனட்டிலிருந்து ஆவி வந்தது. இறங்கிப் பார்த்தால் கூலன்ட் பச்சையாக ரோட்டில் ஓடுகிறது. என்ஜின் ஆறும் வரை நின்று, ஓடைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, வந்த வழியே திரும்பினோம். போனில் அக்கா கோபிக்கவே இல்லை.

"அதுக்கென்ன புள்ள, காரைச் செஞ்சிக்கிட்டு வாங்க. வீடு எங்கயும் ஓடிறாது," என்றாள்.

அதற்குப் பிறகும் ஞாயிறு தவறாமல் இவர் பொனட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். அக்காவால் முழங்கால் வலியோடு பஸ் ஏறி வர முடியவில்லை. நான் பஸ்ஸில் போயிருக்கலாம். காரில் வருவாள் என்று ஊருக்கே சொன்னவளின் வாசலில் பையைத் தூக்கிக்கொண்டு நிற்கக் கூச்சப்பட்டேன். கௌரவம் பார்த்தேன், வேறென்ன. 

ஒரு காலை, அக்கா தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று அவள் மகன் போன் எடுத்தான். இவர் காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு கராஜுக்குப் போனார். வேறொரு காரின் ஹோஸை நீளத்துக்கு வெட்டிப் போட்டுக்கொண்டு, நான் சேலை மாற்றி முடிப்பதற்குள் வந்து நின்றார். அவ்வளவுதான் வேலை.

கார் அந்த ஏற்றத்தை அலுங்காமல் ஏறியது. பாதியில் இவர் பழக்கத்தில், "சூடே ஏறல பாத்தியா," என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன்.

அக்கா வீட்டு முன்னால் துக்கத்துக்கு வந்தவர்கள் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ரோட்டோரமாகவே நிறுத்தப் பார்த்தார் இவர். அக்கா மகன் ஓடிவந்து, கதிரைகளை ஒதுக்கச் சொல்லி வழி பண்ணினான்.

"உள்ளுக்கு விடுங்க சித்தப்பா. அம்மா ஆள் வச்சு மண்ணு வெட்டின எடம். சித்தி காரு நிக்கணும்னு இதுல ஒரு கொச்சிக்காச் செடிகூட வைக்க விடல."

இவர் காரை உள்ளே கொண்டுபோய் நிறுத்தினார். அக்கா கணக்காகத்தான் வெட்டச் சொல்லியிருந்தாள். நாலு கதவும் முழுசாகத் திறக்க இடம் இருந்தது.