ஞாயிற்றுக்கிழமை பார்த்த நான்கு போல்ட்டுகள்

எங்கள் வீட்டு மோட்டார் நின்றால் என் மனைவி முதலில் கூப்பிடுவது என்னை அல்ல, என் சகலையை. நான் பக்கத்து அறையில்தான் இருப்பேன். அவன் ஹொசகோட்டையிலிருந்து பெங்களூர் காக்ஸ் டவுனுக்கு வர ஒன்றரை மணி நேரம் ஆகும். ஆனாலும் அவனைத்தான் கூப்பிடுவாள். மோட்டார் ஏன் நின்றது என்று நான் சொல்லுவேன், அவன் அதை ஓட வைப்பான் என்பது அவள் கணக்கு. கணக்கு சரிதான். அதுதான் எரிச்சல்.

நான் டிராக்டர் செய்யும் கம்பெனி ஒன்றில் பாதுகாப்புத் தரப் பிரிவில் முப்பத்தி நான்கு வருடம் இருந்தேன். எந்தப் பாகத்தை எப்படிச் சோதிப்பது, யார் கையெழுத்திடுவது, எத்தனை நகல் எடுப்பது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். சகலை கோலார் தங்கவயலில் சுரங்கப் பட்டறை ஃபிட்டராக இருந்தவன். சுரங்கம் மூடியதும், உடைந்த டிராக்டர் ஒன்றை வாங்கி, சரிசெய்து விற்றான். பிறகு இரண்டு. இப்போது பெரிய ஷெட். பழைய சின்ன டிராக்டர்கள் வரிசையாகப் புதுச் சாயத்தோடு நிற்கும். அவன் ஷெட்டுக்கு வருகிறவர்கள் அவன் தோளில் கை போட்டுப் பேசுவார்கள். என் தோளில் ஆபீசில் யாரும் கை போட்டதில்லை.

போன வருடம் அவன் ஒரு யோசனையோடு வந்தான். பழைய சின்ன டிராக்டர்களில் ரோல் பார் கிடையாது. வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவர் அடியில் நசுங்காமல் தாங்குகிற இரும்புச் சட்டம் அது. திராட்சைப் பந்தலில் இடிக்கிறது என்று புது வண்டிக்காரர்கள் அதைக் கழற்றி டீலரிடமே போட்டுவிடுகிறார்கள். அவற்றை வாங்கித் தன் பழைய வண்டிகளில் பொருத்த வேண்டும் என்றான்.

"அண்ணா, நீங்க ஒரு லெட்டர் குடுங்க. பொருத்தினது சரின்னு. உங்க கையெழுத்து இருந்தா ஜனங்க நம்புவாங்க."

முக்கால் மணி நேரம் அவனுக்கு வகுப்பு எடுத்தேன். அதே மாடலின் சட்டம்தான் ஆகும். வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது, வெல்டிங் பக்கமே போகக் கூடாது. சீட் பெல்ட் இல்லாமல் ரோல் பார் மட்டும் போட்டால், தூக்கி எறியப்படுகிறவன் தலையில் அந்தச் சட்டமே விழும். போல்ட் எளிதில் அறாத ஹை டென்சைலாக இருக்க வேண்டும், தலையில் 8.8 என்று பொறித்திருக்கும். இத்தனையும் செய்தாலும், விற்ற பிறகு ஏதாவது ஆனால் வண்டி செய்த கம்பெனி உன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது. பொருத்தியவன் நீ, பொறுப்பு உன்னுடையது. கையெழுத்துப் போட்டால் என்னுடையதும்.

"அப்ப கையெழுத்து?"

"போட மாட்டேன்."

அவன் சிரித்தான். "அண்ணா, நீங்க ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணக்கூட ரெண்டு காப்பி எடுத்துட்டுதான் போவீங்க."

என் மனைவி அடுப்படியிலிருந்து சிரித்தது எனக்குக் கேட்டது.

கையெழுத்து இல்லாமலே அவன் ஆரம்பித்தான். நான் சொன்னதில் ஒன்றுகூட விடாமல் செய்தான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் வண்டி தொட்டபள்ளாபுரம் பக்கத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் ஒரு கன்னட அம்மாவுக்கு. ஐம்பது வயதிருக்கும், தனி ஆள், வண்டியைத் தானே ஓட்டுபவர். தோட்டத்துக்குப் போக ஏரிக்கரை மேல்தான் வழி. பக்கத்துத் தோட்டக்காரர் அந்தக் கரையில்தான் டிராக்டரோடு உருண்டு செத்தார். ரோல் பார் இல்லாத வண்டி எனக்கு வேண்டாம் என்று அந்த அம்மா சொல்லியிருந்தார்.

அந்த வண்டி போவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து சகலை வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. சாப்பாட்டோடு அவன் புகழும் பரிமாறப்பட்டது. "ஒரு பொம்பளை உயிரைக் காப்பாத்துற வேலை தம்பி இது," என்றாள் என் மனைவி. என்னை அவள் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. என் பிரிவு எத்தனை உயிரைக் காப்பாற்றியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. காப்பாற்றப்பட்டவர்கள் யாரும் திராட்சை கொண்டுவந்து கொடுத்ததில்லை.

கை கழுவிவிட்டு வீட்டை ஒட்டிய ஷெட்டுப் பக்கம் நடந்தேன். மறுநாள் காலை போகவேண்டிய வண்டி நீலச் சாயத்தில் நின்றது. பழக்க தோஷத்தில் குனிந்து பார்த்தேன். சட்டத்தை அச்சோடு பிடித்திருப்பது எட்டு போல்ட். இடது பக்கம் நான்கிலும் 8.8. வலது பக்கம் நான்கு தலையும் மொட்டை. சாதாரண போல்ட். வண்டி கவிழ்ந்தால் அந்தப் பக்கம் முள்ளங்கி மாதிரி அறுந்துவிடும்.

எனக்கு முதலில் வந்தது பயம் அல்ல. சந்தோஷம்.

பத்தடி தள்ளி சகலை இருந்தான். ஒரு குரல் கொடுத்தால் போதும். ஆனால் வாயால் சொன்னால் அவன் சிரித்துக்கொண்டே மாற்றிவிடுவான், இன்னொரு கூட்டுக் கறி வரும், விஷயம் முடிந்துவிடும். இதை முறையாகச் செய்ய வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எழுத்து மூலம், தேதியோடு, நகலோடு. அவன் ஒருமுறையாவது உட்கார்ந்து என் எழுத்தைப் படிக்க வேண்டும்.

திங்கட்கிழமை கடிதம் எழுதினேன். வண்டி தொட்டபள்ளாபுரம் போய்ச் சேர்ந்தது. செவ்வாய்க்கிழமை இரண்டு வாக்கியங்களை மாற்றி, திங்கள் தேதியை அப்படியே விட்டு, நகல் எடுத்தேன். புதன்கிழமை காலை தபாலில் சேர்க்கச் செருப்பு மாட்டும்போது சகலையே வாசலில் வந்து நின்றான், கையில் ஒரு பெட்டித் திராட்சை.

"அந்தம்மா குடுத்தாங்க அண்ணி," என்று என் மனைவியிடம் நீட்டினான். "வண்டி சூப்பராம். ரெண்டு நாளா ஏரிக்கரை மேலயே ஓட்டுறாங்களாம்."

இரண்டு நாளாக. அந்தச் சொல்லுக்குப் பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. கவரை அவன் கையில் கொடுத்தேன். நின்றபடியே படித்தான். நான் எதிர்பார்த்திருந்த முகம் வரவில்லை.

"வலது பக்கமா அண்ணா? நாலு கம்மியா இருந்துச்சு. டப்பாவுலேர்ந்து எடுத்து மாட்டினேன், அப்புறம் மாத்தலாம்னு. மறந்தே போய்ட்டேன்." படி இறங்கிக்கொண்டே அந்த அம்மாவுக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. "வாங்க, நீங்களும் வாங்க."

வழியில் ஒரு கடையில் போல்ட் வாங்கினோம். தலையில் எண் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக என்னிடம் காட்டி வாங்கினான். ஏரிக்கரை கண்ணில் பட்டதும் நான் கரைச் சரிவைத்தான் பார்த்தேன். நீலம் எங்காவது தெரிகிறதா என்று. தெரியவில்லை. பந்தல் ஓரத்தில் அந்த அம்மா வண்டியை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"தப்பு பண்ணிட்டேன்மா," என்று சகலை கன்னடத்தில் ஆரம்பித்தான். "தப்பான போல்ட் மாட்டிட்டேன். கவிழ்ந்திருந்தா தாங்கியிருக்காது." ஒரே மூச்சு. முன்னுரை இல்லை, சூழ்நிலை விளக்கம் இல்லை. மண்ணில் உட்கார்ந்து கழற்ற ஆரம்பித்துவிட்டான். தப்பு செய்வதைக்கூட இவன் என்னைவிட நன்றாகச் செய்கிறான் என்று நினைத்தேன்.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "நீவு யாவாக நோடித்ரி, ஸார்?"

எப்போது பார்த்தீர்கள். அதைத்தான் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் சகலை ஸ்பானரிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னான்: இன்று காலைதான் பார்த்தார், என் போனில் இருந்த போட்டோவில். பார்த்த உடனே சொன்னார்.

அந்த அம்மா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் பதிலுக்குக் கும்பிட்டேன். கிளம்பும்போது எனக்கு இரண்டு பெட்டித் திராட்சை. சகலை கழற்றிய நான்கு போல்ட்டையும் என் கடிதத்திலேயே மடித்து என் மடியில் வைத்தான். "இத நீங்களே வெச்சுக்கோங்க அண்ணா." அவன் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த ஞாயிறு சாப்பாட்டில் கதையை அவனே சொன்னான். அதில் கழுகுக்கண் எனக்கு, மறதி அவனுக்கு. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முப்பது வருடமாக நான் காத்திருந்த பார்வை. என் மனைவி எனக்கு ஒரு துண்டு மீன் அதிகமாக வைத்தாள். முள் எடுக்கும் சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் அந்தப் போல்ட்டைப் பார்க்க வேண்டும் என்றாள். மேசை இழுப்பறையிலிருந்து பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். போல்ட்டைப் பார்த்தாள், பிறகு காகிதத்தை நீவிவிட்டுப் படித்தாள்.

"புதன்கெழம காலைல பாத்தீங்கன்னு தம்பி சொன்னாரு. இதுல திங்கக்கெழமன்னு இருக்கு?"

"ஞாயித்துக்கெழம பாத்தேன்."

"ஷெட்டுலயா? வண்டி போறதுக்கு முன்னாடியா?"

"ஆமா."

அவள் நான்கு போல்ட்டையும் மேசை மேல் வரிசையாக வைத்தாள். "எங்கிட்ட சொல்லி என்னா ஆவப்போவுது? கரை மேல ஓட்டினது நானா?"

அந்த அம்மாவின் எண்ணைச் சகலையிடம்தான் கேட்டு வாங்கவேண்டியிருந்தது. ஏன் என்று அவன் கேட்கவில்லை. போன் செய்து, என் அரைகுறைக் கன்னடத்தில் சொன்னேன். நான் ஞாயிற்றுக்கிழமையே பார்த்துவிட்டேன், புதன்கிழமைதான் சொன்னேன், அவன் மேல் பொறாமை, வேறு காரணம் இல்லை.

அந்தப் பக்கம் பந்தலில் குருவிகள் கத்துவது கேட்டது.

"இப்போது இருக்கிற போல்ட் சரியானதுதானே?" என்று கேட்டார்.

"சரியானது."

"சரி," என்று வைத்துவிட்டார்.

அடுத்த அறுவடைக்குத் திராட்சைப் பெட்டி ஹொசகோட்டைக்கு மட்டும் போனது. அதிலிருந்து பாதியை அவன் எங்களுக்குக் கொண்டுவந்து கொடுத்தான். நன்றாகத்தான் இருந்தது.