மூன்றாம் படியில் ஜோதிமணி

ஜோதிமணி தன் வீட்டுக்குள்ளேயே ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போகும்போது, "நான்தான் வாரேன்" என்று மெல்லச் சொல்லிவிட்டுத்தான் காலை எடுத்து வைப்பாள். வீட்டில் யாரும் இல்லாத நாளிலும் சொல்வாள். வடமதுரையில் ரயில்வே கேட்டைத் தாண்டியிருக்கும் அந்த ஓட்டு வீட்டில் மொத்தமே இரண்டு அறையும் ஒரு சமையல்கட்டும்தான்.

"யாருக்குடி சொல்ற, பல்லிக்கா?" என்று பக்கத்து வீட்டு சர்புன்னிசா கேலி செய்வாள்.

"பல்லிக்கும் திடுக்குன்னு இருக்கும்ல."

அந்தப் பழக்கம் அவள் முதலில் வளர்த்த கனகாவோடு வந்தது. புருசன் போனபின், பிள்ளையும் இல்லாமல், ஜோதிமணி ஸ்பின்னிங் மில்லுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. பெற்றவர்களால் வளர்க்க முடியாத பிள்ளைகளை இல்லங்களில் விடாமல், வீடுகளில் வைத்து வளர்க்க ஆள் தேடிய ஒரு தொண்டு நிறுவனம் திண்டுக்கல்லில் அவளுக்குப் பயிற்சி கொடுத்தது. முதல் படி வளர்ப்புத்தாய் என்று சொல்லி கனகாவை அனுப்பிவைத்தது. யாராவது பின்னாலிருந்து வந்தால் கனகா இரண்டு கையாலும் தலையை மூடிக்கொள்வாள். மெஷின் இரைச்சலில் கத்திக் கத்தியே பழகிய குரலைத் தணிக்க ஜோதிமணிக்கு வெகுநாள் பிடித்தது. கனகா பிளஸ் டூ முடிக்கும் வரை இருந்தாள். பிறகு உடம்பு தேறிய அம்மா வந்து திருப்பூருக்குக் கூட்டிப்போனாள்.

அடுத்தது இரண்டாம் படி. அடிக்கிற, கடிக்கிற, சோற்றை ஒளித்து வைக்கிற பிள்ளைகளுக்கான பயிற்சி. அண்ணன் தம்பி இரண்டு பேர் வந்தார்கள். தலையணைக்கு அடியில் இட்லி ஊசிப்போய்க் கிடக்கும். அவள் திட்டவில்லை. முறுக்கு நிறைந்த டப்பா ஒன்றை அவர்கள் கையில் கொடுத்து, "இது உங்களுது, யாரும் தொட மாட்டாங்க" என்றாள். ஒரு வருசத்தில் டப்பா மறந்துபோய் மூலையில் கிடந்தது. தாய்மாமன் வந்து அழைத்துப்போனார்.

மூன்றாம் படிக்கு மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள். திடீரென்று மீட்டு வரப்படும் பிள்ளைகளை இனி அவள்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். பயம் தெளியும் வரை வைத்திருந்து, பிறகு முதல் படி வீடு ஒன்றில் ஒப்படைக்க வேண்டும். பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பும்போதுதான் அவளுக்கு உறைத்தது. தன் கை தேறத் தேற, பிள்ளைகள் தங்கும் நாள் குறைந்துகொண்டே வருகிறது.

அப்படி வந்தவள்தான் தமிழ்நிலா. ஏழு வயது. குக்கர் விசில் அடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். ஏன் என்று அவள் சொல்லவில்லை, ஜோதிமணியும் கேட்கவில்லை. குக்கரைப் பரணில் ஏற்றிவிட்டு, பானையில் வடித்தாள். பிறகு ஒருநாள் இறக்கி, வெறும் குக்கரைப் பிள்ளையிடம் விளையாடக் கொடுத்தாள். அப்புறம் கொல்லையில் அடுப்பு வைத்து, தூரத்தில் நின்று இருவரும் கேட்டார்கள். கடைசியில் அடுப்பை அணைக்கும் வேலையையே அவளிடம் விட்டாள். "நீதான் அதுக்கு எசமானி. நீ அணைச்சா அது கப்சிப்."

தூக்கத்தில் அந்தப் பிள்ளையின் கால் தன் வயிற்றின்மேல் விழும்போதெல்லாம், இவளை மட்டும் கொடுப்பதில்லை என்று ஜோதிமணி மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

பிள்ளைகளின் நிலையைப் பார்த்துப் போகிற வினிதா ஒரு சனிக்கிழமை வந்தாள். "குஜிலியம்பாறையில வீடு அமைஞ்சிருச்சுக்கா. நல்ல மனுசங்க. ஆடெல்லாம் இருக்கு, புள்ளைக்குப் பொழுது போகும்."

ஜோதிமணி கெஞ்சினாள். "என்னைய மொதப் படிக்கே எறக்கி விட்ருங்களேன் வினிதாம்மா."

வினிதா சிரித்துவிட்டாள். "காலேஜு முடிச்சவங்க யாராச்சும் ஒண்ணாப்புல சேரக் கேப்பாங்களா?" பிறகு அவள் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினாள். "இந்தப் பக்கம் மூணாம் படியில நீங்க ஒருத்தர்தான்கா. இவள நீங்க வச்சுக்கிட்டா, நாளைக்கு நடுங்கிக்கிட்டு வர்ற புள்ளய நான் எங்க கொண்டுபோய் விடுறது?"

அதற்கு ஜோதிமணியிடம் ஒரு பொய்தான் இருந்தது. "இன்னும் பயம் தெளியலயேம்மா. விசில் சத்தம் கேட்டா கட்டிலுக்கடியிலதான் கெடக்கா."

பயம் தெளியாத பிள்ளையை இடம் மாற்ற மாட்டார்கள். வினிதா யோசித்தாள். "அப்படின்னா இன்னும் கொஞ்ச நாள் பாப்போம்" என்று அவள் வாயெடுத்த நேரம், சமையல்கட்டில் குக்கர் விசில் அடித்தது. பருப்பை ஏற்றியதை ஜோதிமணி மறந்தே போயிருந்தாள். அடுத்த விசிலும் வந்தது. இருவரும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கும் அடுத்த விசில் பாதியில் அடங்கியது.

"பெரிம்மா, நாந்தான் வாரேன்!"

கையில் கரித்துணியோடு சமையல்கட்டு வாசலில் வந்து நின்றாள் தமிழ்நிலா. "நீங்க பேசிக்கிட்டு இருந்தீங்களா, நானே அணைச்சுட்டேன். பயமே இல்ல." மெச்சுவார்கள் என்று இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஜோதிமணிதான் முதலில் சுதாரித்தாள். "கெட்டிக்காரி" என்று சொல்லிப் பிள்ளையின் கன்னத்துக் கரியைத் துடைத்துவிட்டாள். வினிதா தரையைப் பார்த்தபடி, "உங்க கைராசிக்கா" என்றாள்.

கூட்டிப்போக வண்டி வந்த அன்று, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தமிழ்நிலா கேட்டாள். "நல்லாயிட்டா போயிரணுமா பெரிம்மா? நான் விசிலுக்குப் பயந்துக்கிட்டே இருந்திருந்தா இங்கயே இருந்திருக்கலாமா?"

பிள்ளைகள் என்ன கேட்டாலும் சொல்லப் பயிற்சியில் ஒரு பதில் தந்திருந்தார்கள். மூன்று படியும் ஏறிய ஜோதிமணி அதைச் சொல்லாமல், பையின் வாரைச் சரிசெய்துவிட்டாள். "பொங்கலுக்கு உன்னப் பாக்க வருவேன்ல, அப்ப சொல்றேன் தாயி."

அன்றிலிருந்து பானைச் சோறுதான். அறைக்கு அறை "நான்தான் வாரேன்" என்று சொல்லிக்கொண்டு போவாள். திடுக்கிட அங்கே யாரும் இல்லை.

பொங்கலுக்கு முந்தின நாள் போன் வந்தது. வாய் திறக்காத ஒரு பையனைக் கொண்டுவந்து விட்டார்கள். அவனை விட்டுவிட்டு எங்கே போவது? அவன் போனதும் இன்னொரு பிள்ளை. சித்திரையும் வந்து போய்விட்டது.

"தமிழ்நிலா நல்லா இருக்குக்கா. ஆட்டுக்கெல்லாம் பேர் வச்சிருக்கு" என்றாள் வினிதா. "நீங்க ஏதோ சொல்றேன்னீங்களாமே? பாக்குறப்பல்லாம் கேக்குது."

"ஆமா," என்றாள் ஜோதிமணி. "சொல்லணும்."