தீவுக்குக் கட்டிய மூட்டை

எங்கள் ஊரில் கடலைப் பார்க்க யாரும் பயணம் போனதில்லை. அது வீட்டுக்குப் பின்னால் கிடந்தது, இரவும் பகலும் சத்தம் போட்டுக்கொண்டு. ஆண்கள் அதில் வேலைக்குப் போனார்கள். பெண்கள் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மீன் வெட்டினார்கள். பிள்ளைகள் நாங்கள் முழங்கால் நனையும் வரை போய், அடி வாங்கித் திரும்பினோம். அப்படிப்பட்ட ஊரில், கோடை விடுமுறைக்கு நாங்கள் குடும்பத்தோடு லட்சத்தீவுக்குப் போகப்போகிறோம் என்ற செய்தி கசிந்ததும் பெரியம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பெரியம்மா அம்மாவின் அக்கா, அடுத்த வீட்டுக்காரி. மெதுவாகப் பேசுவது அவளுக்குக் கடைசி வரை கைவரவில்லை.

"வயலுக்காரன் வயலு பாக்க டூர் போன கதையால்லா இருக்கு! கடலு நமக்குச் சோறு. அதுக்க மேல உல்லாசம் போவாளா எவளாவது?"

அம்மாவும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். கத்தி மீன் தலையில் இறங்கிய வேகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

எனக்கு அப்போது ஒன்பது வயது, தம்பிக்கு ஐந்து. அப்பா ஆழ்கடல் படகில் ஸ்ராங்கு, அதாவது படகை ஓட்டும் பொறுப்பு அவருடையது. களியக்காவிளையில் பஸ் ஏறிக் கொச்சிக்குப் போவார். அங்கிருந்து பத்துப் பேரோடு சுறாவைத் தேடி மேற்கே போவார். முப்பது நாளில் வந்ததும் உண்டு, நாற்பத்தைந்து நாளில் வந்ததும் உண்டு. எப்போது வருவார் என்று எங்களுக்குத் தெரியாது. அதைவிட முக்கியம், அதைக் கேட்கக்கூடாது. கடலுக்குப் போகிறவரிடம் வாசலில் வைத்துத் திரும்பி வரும் நாளைக் கேட்டால், அது கடலின் காதிலும் விழுந்துவிடும் என்பது எங்கள் பெண்களின் நம்பிக்கை. ஆறு வயதில் ஒருமுறை, அப்பா செருப்பு மாட்டும்போது, "எப்பம் வருவிய?" என்று கேட்டுவிட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு ஒரு வாரம் நீலமாகக் கிடந்தது. மாதாவே, அந்த வலியை நான் இன்னும் மறக்கவில்லை. எங்கள் முன்னறைச் சுவரில், இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில், ஒரு சின்னச் சிவப்பு பல்புக்குக் கீழே மீசை அரும்பிய ஒரு மாமா இருந்தார். அம்மாவின் அண்ணன். நான் பிறப்பதற்கு முன்பே அவர் போன படகு திரும்பவில்லை. அவரைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை, பல்பு மட்டும் ஃபியூஸ் ஆனால் உடனே மாற்றப்படும்.

இந்தத் தீவுப் பயணம் வந்த வழி வேறு. அப்பாவின் படகு ஒருமுறை சுகேலித் தீவுக்குத் தெற்கே, எஞ்சின் நின்று மூன்று நாளாக நீரோட்டத்தில் அடித்துப் போய்க்கொண்டிருந்த ஒரு சின்னப் படகைக் கண்டது. அதில் ஒரு தீவுக்காரரும் அவர் மகனும். அப்பா அவர்களுக்குக் குடிக்க வெள்ளம் கொடுத்து, கயிறு கட்டி அவர்களுடைய தீவின் பாறைத்திட்டு வரை இழுத்துக்கொண்டு போய் விட்டார். கரையேறி ஒரு சாயா குடித்துவிட்டுப் போகும்படி தீவுக்காரர் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்திருக்கிறார். தீவில் கால் வைக்க அனுமதிச் சீட்டு வேண்டும். எங்கள் ஆட்களிடம் அது இல்லை. அப்பா படகைத் திருப்பிவிட்டார். அதிலிருந்து அந்தத் தீவுக்காரர் கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் தவறாமல் போன் செய்வார். அந்த வருடம் வாழ்த்தோடு விடவில்லை. குடும்பத்தோடு வந்தே தீரவேண்டும், அனுமதிக்குத் தன் பெயரையே கொடுக்கலாம், தன் வீட்டிலேயே தங்கலாம் என்று மலையாளத்தில் அரை மணி நேரம் சண்டை போட்டார். அப்பா போனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்த பார்வையில், அவருக்கு எங்களை விடச் சின்ன வயதாக இருந்தது.

அன்று மாலை அப்பா என்னுடைய சாக்குக்கட்டியை வாங்கி முன்னறைச் சிமெண்டுத் தரையில் கடலை வரைந்தார். கதவோரம் எங்கள் ஊர். நாற்காலிக் காலுக்குப் பக்கத்தில் கொச்சி. அங்கிருந்து தரை முழுக்க வெறும் சிமெண்டு, அதுதான் கடல். அலமாரிக்குக் கீழே மினிக்காய், நடுவில் கல்பேனி, சுவரோரம் கவரத்தி. பள்ளிக்கூட மேப்பில் அவை ஈ உட்கார்ந்தது போல வெறும் புள்ளிகள். அப்பா ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவம் போட்டார். ஒன்று வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தது, ஒன்றுக்கு மூக்கு இருந்தது. எங்கே வெள்ளம் கறுப்பாக இருக்கும், எங்கே திடீரென்று பச்சையாக மாறும், எந்தப் பறவை தெரிந்தால் கரை எத்தனை நாழிகை என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். நான் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தேன். நாற்பது நாள் காணாமல் போகிற அப்பா இவ்வளவு பெரிய ஓர் இடத்துக்குத்தான் போய்வருகிறார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மீன் வாசனையோடு வந்து பாயில் குப்புற விழுந்து தூங்குகிற மனிதர் இத்தனையையும் தலைக்குள் வைத்துக்கொண்டா தூங்கினார்!

"எல்லாத்துலயும் இறங்கிப் பாத்திருக்கியளாப்பா?"

"இல்ல மக்கா. கண்டிருக்கேன். இருபது வருசமா கண்டுகிட்டே போவுதேன். ஒண்ணுலயும் கால் வச்சதில்ல."

அவ்வளவுதான், எனக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. அப்பா அந்த மணலில் கால் வைப்பதை நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். தம்பிக்கு ஆமை வேண்டும், லாரி டியூப் வேண்டும். அம்மா மட்டும் அடுக்களை வாசலில் நின்று, சாக்குக்கட்டிக் கடலை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனாள். அவள் இதுவரை எந்தப் படகிலும் ஏறியதில்லை.

"எனக்கு வேண்டாம். நிங்க போயிட்டு வாங்க."

"அப்பம் பிள்ளையளு?"

"பிள்ளையள அனுப்பிட்டு நான் இங்க கெடந்து சாவணுமா?"

ஆக, அம்மா வராவிட்டால் நாங்களும் கிடையாது. அப்பா கடலில் காற்றைப் பார்த்துப் பழகியவர், எதிர்த்துப் போகவில்லை. போட்டோ மட்டும் எடுத்து வைப்போம், எடுத்தால் குற்றமா என்றார். பக்கத்து ஊரான புதுக்கடையில் ஒரு ஸ்டூடியோவில் நாலு பேரும் தனித்தனியாக முறைத்துக்கொண்டு எடுத்தோம். பிறகு போலீஸ் ஸ்டேஷனில் நற்சான்று. அங்கே எழுதிக்கொண்டிருந்தவர், "மீன்பிடிக்கவா?" என்றார். "இல்ல சாரே, சுத்திப் பாக்க" என்றார் அப்பா. அவர் பேனாவை வைத்துவிட்டு அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். பங்குச்சாமியார் தலையில் கை வைத்து ஜெபித்தார். பெரியம்மா கூட முந்திரிக்கொத்து செய்து தருவதாக ஒத்துக்கொண்டாள், தீவுக்காரருக்கு. எங்களுக்கு இல்லை என்பதைத் தெளிவாகச் சொன்னாள். அம்மாவும் மெல்ல மெல்ல வழிக்கு வந்தாள். ஒருநாள் அவளுடைய பச்சைச் சேலை மடித்துப் பைக்குள் இருப்பதைப் பார்த்துவிட்டு, நான் தம்பியைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன்.

எல்லாவற்றையும் கெடுத்தது அப்பா கட்டிய மூட்டை.

ஈஸ்டருக்குக் கரைக்கு வந்தவர், சாமான் கட்டுகிறேன் என்று சந்தைக்குப் போனார். ஆட்டோ வந்து நின்றது. அரிசி முப்பது கிலோ. ஒரு சாக்கு மரச்சீனிக்கிழங்கு. சின்ன உள்ளி, புளி, வற்றல் மிளகாய், கருவாடு. வெள்ளத்துக்கு ஆறு கேன். தார்ப்பாய், கயிறு, இரண்டு டார்ச், ஒரு கட்டு மெழுகுவத்தி, காய்ச்சல் மாத்திரை. நாலு பேர், ஐந்து நாள், அதுவும் விருந்தாளியாக. பெரியம்மா மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு, "கொள்ளாம்! தீவுல கடை வைக்கப் போறியளா?" என்று சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். அப்பாவுக்கு மட்டும் சிரிக்க என்ன இருக்கிறது என்று புரியவில்லை. அவர் ஆயுள் முழுக்கக் கடலுக்கு மூட்டை கட்டிய விதம் அது. கொச்சியில்தான் கட்டுவார்கள் என்பதால் நாங்கள் யாரும் அதைக் கண்டதில்லை.

"அஞ்சு நாளுக்கு இம்புட்டும் என்னத்துக்கு?" என்று அம்மா கேட்டாள்.

"கடல்ல அஞ்சு நாளுன்னா பதினஞ்சு நாளுக்கு உள்ள சாமானம் வேணும். அதாக்கும் முறை."

"அதான் என்னத்துக்குன்னு கேக்கேன்."

அப்பா மூட்டையின் வாயைக் கட்டிக்கொண்டே, யோசிக்காமல் சொன்னார்: "திரும்பி வர முடியல்லன்னா?"

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. உள்ளே போனாள். பச்சைச் சேலை பையிலிருந்து வெளியே வந்தது. பிறகு என் பாவாடை, தம்பியின் நிக்கர், டியூப் எல்லாம் வந்தன. "நானும் வரல்ல, எனக்க பிள்ளையளும் வராது" என்றாள். ஒரு மூட்டைக்காக ஒரு தீவையே இழக்கிறோமே என்று நான் அழுதேன். அப்பாவிடம் கோபம் கோபமாக வந்தது. அவர் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தார்.

மூன்றாம் நாள் தபால்காரர் தீவிலிருந்து ஒரு தடித்த உறை கொண்டுவந்தார். அப்பா வீட்டில் இல்லை. அம்மாவுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது, அதனால் என்னைக் கூப்பிட்டாள். அனுமதிச் சீட்டு, அதில் முறைத்துக்கொண்டு நாங்கள் நாலு பேர். கூடவே கப்பல் டிக்கெட். நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். கொச்சியிலிருந்து புறப்படும் நாள், மணி. அதற்குக் கீழே தீவிலிருந்து திரும்பிக் கொச்சிக்கு வந்து சேரும் நாள், மணி.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"வாற நாளும் போட்டிருக்கா?"

"போட்டிருக்கும்மா."

"உங்க அப்பாக்கும் போட்டிருக்கா? பேரோடயா?"

"எல்லாருக்கும்தான். புதன்கிழமை, காலைல பதினொண்ணு மணி."

"இன்னொருக்க வாசி."

வாசித்தேன். இன்னொருமுறை என்றாள். என் இங்கிலீஷில் இவளுக்கு இவ்வளவு சந்தேகமா என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மூன்றாம் முறை கத்தி வாசித்தேன். அம்மா கையைச் சேலையில் துடைத்துவிட்டுத் தாளை வாங்கினாள். அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு எழுந்து போய் அப்பாவின் மூட்டையைப் பிரித்தாள். அரிசியைப் பானையில் கொட்டினாள். கிழங்குச் சாக்கைப் பெரியம்மா வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்ப் போட்டாள். தார்ப்பாய், கயிறு, மெழுகுவத்தி எல்லாம் பரணுக்குப் போயின. அப்பா வந்து பார்த்தபோது பையில் ஐந்து நாளுக்கான துணி மட்டும் இருந்தது, மேலே பச்சைச் சேலை. அவர் என்னிடம், "என்னாச்சு மக்கா?" என்று கண்ணால் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? நான் நன்றாக வாசித்ததால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

போனோம். பெரிய கப்பல் வெளியே நிற்க, சின்னப் படகில் எங்களை இறக்கினார்கள். பாறைத்திட்டைத் தாண்டியதும் கடல் சட்டென்று சத்தத்தை நிறுத்திக்கொண்டது. எங்கள் கடலுக்கு அப்படி நிறுத்தத் தெரியும் என்று நான் நினைத்ததே இல்லை. வெள்ளம் இருப்பதே தெரியவில்லை. படகின் நிழல் ஆழத்தில் மணல் மேல் எங்களோடு கூடவே வந்தது. நீல மீன்கள் அந்த நிழலுக்குள் புகுந்து புறப்பட்டன. "இதுக்கு அடி உண்டா!" என்றாள் அம்மா. ஒரு கையால் அப்பாவைப் பிடித்துக்கொண்டு, கரை வரும்வரை குனிந்து அந்த அடி மணலையே தேடித் தேடிப் பார்த்தாள். மீன் பார்க்கிறாள் என்று நினைத்து நானும் குனிந்தேன். கரையில் தீவுக்காரர் அழுதுகொண்டு நின்றார். அப்பா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மெதுவாக ஒரு காலை மணலில் வைத்தார், பிறகு மற்றக் காலை. கோயிலுக்குள் நுழைவது போல நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இருபது வருடமாகப் பார்த்துக்கொண்டே போன இடத்தில் என் அப்பா நின்றார், நான் பக்கத்தில் நின்றேன்.

புதன்கிழமை பதினொரு மணிக்குக் கொச்சியில் இறங்கினோம். அம்மா துறைமுகக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு டிக்கெட்டை எடுத்துப் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் அதை ஜெபப்புத்தகத்துக்குள் வைத்தாள். பள்ளிக்கூடத்தில் காட்ட நான் எவ்வளவு கெஞ்சியும் தரவில்லை. ஒரு கப்பல் சீட்டுக்கு இத்தனை கருமித்தனமா என்று இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

அடுத்த வாரம் அப்பா மறுபடி வேலைக்குப் புறப்பட்டார். வாசலில் குனிந்து செருப்பை மாட்டினார். நான் தொடையைப் பாவாடையால் மூடிக்கொண்டு பத்திரமாக நின்றேன். அப்போது என் தலைக்கு மேலே அம்மாவின் குரல் கேட்டது.

"எப்பம் வருவிய?"

அப்பா குனிந்தபடியே நின்றுவிட்டார். மதிலுக்கு அந்தப் பக்கம் பெரியம்மாவின் துணி துவைக்கும் சத்தம் நின்றது. நிமிர்ந்து, கொஞ்சம் திக்கி, "மாதா பெருநாளு கொடியேத்துக்கு முந்தின ஞாயித்துக்கிழமை" என்றார் அப்பா. அம்மா தலையாட்டினாள்.

எனக்கோ ஒரே குஷி. மாட்டிக்கொண்டாள்! மூன்று வருடப் பழி பாக்கி இருந்தது. நான் எட்டி அம்மாவின் தொடையில் என்னால் முடிந்த மட்டும் பலமாகக் கிள்ளினேன். அவள் திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, அப்பா வளைவில் திரும்பும் வரை விடாமல் நின்றாள். அவள் பிடித்த பிடியில் என் விரல் வலித்தது. பலமாகக் கிள்ளிவிட்டோம் போலிருக்கிறது என்று நான் பெருமைப்பட்டேன்.

அப்பா சொன்ன ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிட்டார். அன்று பெரியம்மா எங்கள் எல்லாருக்கும் முந்திரிக்கொத்து செய்தாள். அவளே ஏன் செய்தாள் என்று எனக்கு நெடுநாள் தெரியாது. எனக்குக் கல்யாணமாகி, என் கணவர் முதல்முறையாகக் கப்பல் வேலைக்குப் புறப்பட்ட அன்றுதான் சொன்னாள்.

"உனக்க அம்மை 'எப்பம் வருவிய'ன்னு அதுக்கு முந்தி ஒருத்தன்ட்டதான் மக்கா கேட்டிருக்கா. அப்பம் அவளுக்குப் பத்து வயசு." சொல்லிவிட்டுச் சுவரில் இருந்த மாமாவைப் பார்த்தாள்.