பதினாலாயிரம் கிலோமீட்டரும் ஒரு நீண்ட பகலும்

கண்டியில் ஒரு டிராவல் ஏஜென்சியில் டிக்கெட்டிங் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எந்த ஊர் எவ்வளவு தூரம், போக எத்தனை மணித்தியாலம் என்று கேட்டால் ஸ்கிரீனைப் பார்க்காமலே சொல்வேன். தினமும் அதைத்தானே சொன்னேன்! ஆனால் வத்தேகமத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த இராசம்மா கேட்ட கேள்வி எனக்குப் புதிது.

அவருடைய ஒரே மகள் டொரண்டோவில் இருந்தாள். தலைப்பிரசவம். ஒப்பரேஷன் செய்துதான் பிள்ளையை எடுக்க வேண்டும் என்று டாக்டர் நாள் குறித்துவிட்டார். மருமகனுக்கு வேலை வேறொரு நகரத்தில். இராசம்மாவுக்கு விசா கடைசி நேரத்தில்தான் வந்தது. அந்த நாளுக்கு முன்னால் போய்ச் சேர ஒரே ஒரு சீட் கிடைத்தது, தோஹாவில் விமானம் மாறி.

"எம்புட்டுத் தூரம் மிஸ்?"

"கிட்டத்தட்டப் பதினாலாயிரம் கிலோமீட்டர் அம்மா. டிரான்சிட்டோட இருபத்திரண்டு மணித்தியாலம்."

விடியுமுன் கொழும்பில் ஏற வேண்டும். அதே தேதி பின்னேரம் டொரண்டோவில் இறங்கலாம். இதைச் சொன்னதும் அவர் விரல் விட்டு எண்ணினார்.

"ஒரு நாளு பூரா பறக்கணும்ங்கிறீங்க. அப்புறம் அன்னைக்கே எப்படி எறங்குறது?"

"மேற்கால போறீங்க அம்மா. சூரியனும் கூடவே வரும். உங்களுக்கு அன்னைக்குப் பகல் ரொம்ப நீளம்."

அவர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே பார்த்தார். வாவிப் பக்கம் மழை தூறிக்கொண்டிருந்தது.

"அப்போ பொழுது சாயவே சாயாதா?" என்றார், தூக்கத்தில் பேசுகிறவர் போல.

சிக்கல் தோஹாவில்தான். அவருக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. அந்த மாதிரிப் பயணிகளுக்கு வீல்செயார் ரிக்வெஸ்ட் போடுவோம். தள்ளுகிற ஆள் சரியான கேட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்.

இராசம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "மலையேறிக் கொழுந்து எடுத்த காலு மிஸ் இது! நடக்க ஏலாதவளாட்டமா புள்ளகிட்ட போய் நிப்பேன்?"

"வழி தெரியாம நின்னா பிளேன் போயிடும் அம்மா. மகள் தனியா ஆஸ்பத்திரிக்குப் போவா."

"போடுங்க," என்றார்.

அவர் புறப்பட்ட நாளில் எனக்கு வேலை ஓடவில்லை. இப்போது அரபிக்கடலுக்கு மேலே, இப்போது தோஹா என்று மனம் கூடவே போனது. எத்தனையோ பேரை அனுப்பியிருக்கிறேன். ஒருவரோடு நானும் பறந்தது அன்றுதான். பின்னேரம் பஸ்ஸுக்கு நின்றபோது ஹந்தானை மலையை இருட்டு மூடியது. அவருடைய ஜன்னலில் இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஓபிஸ் திறந்த கையோடு டொரண்டோவிலிருந்து மகளின் போன் கோல் வந்தது.

"அம்மா வந்துட்டாங்க அக்கா! தோஹாவில அந்த வீல்செயார்க் கதிரையில உக்காரவே இல்லையாம். பையை அதுல வச்சிட்டு, தள்ளுறவரோட பேசிக்கிட்டே நடந்தாங்களாம். அவர் நேபாளக்காரர். என்ன பேசினாங்களோ!"

பின்னால் இராசம்மாவின் குரல் கேட்டது. "பிளேனுக்குக் கீழ முச்சூடும் வெள்ளைப் பனி மிஸ், உப்பைக் கொட்டின மாதிரி. அதைப் பார்த்துக்கிட்டே வந்தேன்."

அந்த வாரமே பேத்தி பிறந்தாள். ஒப்பரேஷன் அறை வாசல்வரை மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போனது இராசம்மாதான்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். தூரம் கேட்டு வருகிறவரிடம் கிலோமீட்டரைக் கடைசியில் சொல்லுங்கள். அங்கே யார் காத்திருக்கிறார் என்று முதலில் கேளுங்கள். எந்த விமானத்தில் ஏற்றிவிடுவது என்பது அந்தப் பதிலில் இருக்கும்.