டம்ளர் தண்ணீர் ஞானஸ்நானம்

நான் மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். அதற்காக யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறவள் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் சபை மூப்பர் அப்படித்தான் நினைத்தார். ராணிப்பேட்டையில் தோல் மண்டி வைத்திருந்தவர். ஞாயிற்றுக்கிழமை வெள்ளை ஜிப்பாவும் சென்ட்டுமாக வருவார். முதல் பெஞ்சில் வேறு யாராவது உட்கார்ந்துவிட்டால் அன்றைக்கு அவருக்கு ஜெபமே ஏறாது.

எழுபதுகளின் கடைசி அது. ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் நான் வார்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மூப்பரின் மகளுக்கு ஏழாம் மாதத்திலேயே வலி கண்டு, பகல் பதினோரு மணிக்கு ஆண் குழந்தை பிறந்தது. கையகலம்தான் இருக்கும். உடம்பெல்லாம் நீலம். மூப்பர் போதகரை அழைத்துவரக் காரை எடுத்துக்கொண்டு ஓடினார். நாங்கள் ஐயர் என்று கூப்பிடும் அந்தப் போதகரோ காவேரிப்பாக்கத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தார்.

நர்ஸம்மா குழந்தையின் மூக்கும் வாயும் மறைய ரப்பர் மூடியை வைத்து, மூச்சுக்கான காற்றுப் பையை அமுக்கியபடியே என்னைப் பார்த்தார்.

"ஐயர் வர்ற வரைக்கும் தாங்காது. நீ ஞானஸ்நானம் குடுத்துடு. நான் கைய எடுக்க முடியாது."

உயிர் போகும் நேரத்தில் போதகர் இல்லையென்றால் விசுவாசி யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே எங்களுக்கு அதைச் சொல்லித் தந்திருந்தார்கள். குழாய்த் தண்ணீரில் தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடை அடிக்கும் என்பதால், காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் டம்ளரில் இருந்தது. கையைக் கழுவிக்கொண்டேன். தாய் சொன்ன பெயரைச் சொல்லி, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் மூன்று முறை அந்தச் சின்னத் தலையில் விட்டேன்.

குழந்தை பிழைத்தது. தண்ணீரால் பிழைத்தது என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்கிறவர்கள் தாயத்து விற்கப் போகலாம். பிழைக்கவைத்தது நர்ஸம்மாவின் கை. தண்ணீர் செய்தது வேறு. செத்தாலும் பிழைத்தாலும் இவன் கர்த்தருடையவன் என்று சொன்னது. ஒருமுறை சொன்னால் போதும், அவருக்கு மறதி கிடையாது.

ஆனால் மூப்பருக்கு அது போதவில்லை. நான்கு மாதம் கழித்துப் பேரனுக்கு ஞானஸ்நானம் என்று பத்திரிகை அடித்தார். ஆம்பூரிலிருந்து பிரியாணி மாஸ்டர். வெளிநாட்டில் வேலைபார்த்த மருமகன் அனுப்பிய குப்பி ஒன்றில் யோர்தான் நதித் தண்ணீர். அதைப் பீரோவில் வைத்துப் பூட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். நான் போய்க் கேட்டேன்.

"ஐயா, அதான் அன்னிக்கே குடுத்தாச்சே. அது ஒரு தடவதானே?"

"இன்னாமா பேசற? பீத்துணி அலசற கையால, டம்ளர் தண்ணில குடுத்தா ஞானஸ்நானமா? எங்க அந்தஸ்து இன்னா ஆவறது? வெளிய சொல்லிப் பேஜார் பண்ணாத."

"கழுவின கைதான் ஐயா. உங்க மண்டி வாடைய விட கம்மிதான்."

அவர் முகம் ஊறவைத்த தோல் மாதிரி உப்பியது.

போதகரிடம் போனேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீங்க சொல்றது சரிதாம்மா. ஆனா பத்திரிகையே அடிச்சிட்டாரே" என்றார். அங்கிக்கு இருந்த விறைப்பு ஆளுக்கு இல்லை.

பத்திரிகையில் போட்டிருந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் குழந்தையின் தாய் என்னைத் தேடி ஆஸ்பத்திரிக்கே வந்தாள்.

"அக்கா, அன்னிக்கே எம்புள்ள போயிருந்தா, ஞானஸ்நானம் இல்லாத புள்ளன்னுதான் பொதச்சிருப்பாங்களா?"

"அது உன் அப்பாவக் கேளு."

"அவர் எதுருல எனக்கு வாய் வராதுக்கா."

அவளுக்கு அதுதான் வேதனை. நாளைக்கு மறுபடியும் தண்ணீர் விட்டால், குழந்தை சாகக் கிடந்தபோது அவள் பிடித்துக்கொண்டது ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடும். எனக்கும் கோபம்தான். என் கையை அவமதித்தால் பொறுப்பேன். அந்தக் கையால் கர்த்தர் செய்ததை அவமதிக்க இந்த மண்டிக்காரர் யார்?

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீரைத் தொடுவதற்கு முன் போதகர் ஒரு கேள்வி கேட்டே ஆகவேண்டும். யாரும் காது கொடுக்காத கேள்வி. "இல்லை" என்று முனகிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கோவில் நிறைந்திருந்தது. மூப்பர் குப்பியைத் திறந்து கையில் பிடித்திருந்தார். போதகர் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"இந்தக் குழந்தை முன்னமே ஞானஸ்நானம் பெற்றதா, இல்லையா?"

"இல்ல" என்றார் மூப்பர்.

கடைசிப் பெஞ்சில் நான் எழுந்திருக்கப் பாதி நிமிர்ந்தேன். எனக்கு முந்தி அவள் குரல் வந்தது.

"ஆயிட்டுது, ஐயரே. பொறந்த அன்னிக்கே. அந்த அக்கா குடுத்தாங்க."

மூப்பர் மகளை முறைத்தார். அவள் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. என்ன வார்த்தை சொல்லித் தண்ணீர் விட்டீர்கள் என்று போதகர் கேட்டார். சொன்னேன். சபைக்கு முன்னால் கேட்டுவிட்ட பிறகு அவருக்கு ஒளிய இடமில்லை. ஞானஸ்நானத் தொட்டியை மூடச் சொன்னார். குழந்தையைக் கையில் வாங்கி ஜெபம் மட்டும் செய்தார். மூப்பர் அவசரத்தில் குப்பியை ஜிப்பாப் பையில் போட்டார், மூடியைப் போடாமல். யோர்தான் நதி அவர் தொடை வழியாக ஓடியது.

ஆராதனை முடிந்ததும் பதிவேட்டில், கொடுத்தவர் என்ற இடத்தில் போதகர் என் பெயரை எழுதினார். எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் பந்திக்குப் போனேன். பிரியாணியில் உப்பு கம்மி.