சூரியகாந்திக்கு நான் கொடுத்த மருந்து

எண்பதுகளின் தொடக்கத்தில் திருவண்ணாமலையில் ஓர் உரக்கடையில் வேலை பார்த்தேன். பயிருக்கு என்ன வந்தது என்று யார் கேட்டாலும் யோசிக்காமல் மருந்து எடுத்து நீட்டுவேன். தெரியாது என்று சொல்வதை அவமானமாக நினைத்த வயது.

ஒருநாள் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு விவசாயி நிறைமாத மனைவியோடு வந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியாம். முதன்முறையாகச் சூரியகாந்தி போட்டிருந்தார்.

“மொட்டா இருந்தப்ப சூரியனோடவே திரும்பிச்சுங்க. பூத்ததும் நாள் பூரா கிழக்கயே பாத்துக்குனு நிக்குது” என்றார் கவலையோடு.

“நோய்தான். நாளைக்கே அடிச்சுடுங்க” என்று பூச்சிமருந்து பாட்டிலை எடுத்து வைத்தேன்.

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா சிரித்துவிட்டார்.

“நோவெல்லாம் இல்லீங்க. தல கனத்துப்போச்சு, வெத புடிக்குது. என்னையே இவரு கூப்ட்டா மின்ன மாதிரி சட்டுனு திரும்ப முடியுதா? பூவெல்லாம் தேனீ மொய்க்குது. அதுங்கள கொல்லச் சொல்றீங்களே!”

விவசாயி வெட்கச் சிரிப்போடு மனைவியின் கையைப் பிடித்து எழுப்பிவிட்டார். நான் பாட்டிலை மறுபடி அலமாரியிலேயே வைத்துவிட்டேன்.

மனசு கேட்காமல் மறுநாள் பஸ் ஏறிப் போய் அந்த வயலைப் பார்த்தேன். எல்லாப் பூவும் கிழக்கே பார்த்து நின்றன. எல்லாவற்றிலும் தேனீ. அவை செத்திருந்தால் பாதி விதை பதராகியிருக்கும்.

சில மாதம் கழித்து இருவரும் கைக்குழந்தையோடு கடைக்கு வந்தார்கள். இந்த முறை வேர்க்கடலையாம்.

“மல்லாட்ட எல மஞ்சளாவுதுங்க. என்னா மருந்து அடிக்கலாம்?” என்றார் விவசாயி.

நான் அலமாரிப் பக்கம் திரும்பவில்லை. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன்.