இருபத்தொரு புன்னைக்காய்

என் தகப்பனார் கணக்கு வாத்தியார். பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் அவரிடம் கொட்டு வாங்கி வாய்ப்பாடு படித்தவர்கள் தாலுகாவுக்கு நாலு பேராவது இருப்பார்கள். மளிகைக் கடையில் வாங்கிய தேங்காயைக்கூட வீட்டுக்கு வந்து இன்னொரு முறை எண்ணுவார். அப்பேர்ப்பட்ட மனிதர் எங்கள் எல்லோரையும் ஒரு பை புன்னைக்காயை நம்பி மலையடிவாரத்துக்குக் கூட்டிப்போனார் என்றால், அருவி அண்ணாச்சியின் வாய்ச் சாமர்த்தியத்தை என்னவென்று சொல்ல!

அருவி அண்ணாச்சி என்பது நாங்களாக வைத்த பெயர். அவர் பாபநாசத்துக்காரர். அம்பாசமுத்திரம் வழியாக ரயில் ஓடத் தொடங்கிய பிறகு அவருக்கு ஒரு யோசனை உதித்தது. பாளையங்கோட்டையிலும் டவுனிலும் இருக்கிற உத்தியோகக் குடும்பங்களைக் காலை ரயிலில் கூட்டிப் போய், அருவியில் குளிக்கவைத்து, பாறையில் வழுக்கவைத்து, சாயங்கால ரயிலில் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பார். அதுதான் அவர் பிழைப்பு. அப்போது மலையில் அணை கிடையாது. ஆறு தன் இஷ்டத்துக்கு வரும், போகும். அதன் குணம் தெரிந்த ஓர் ஆள் துணைக்கு இல்லாமல் யாரும் பிள்ளைகுட்டிகளோடு அங்கே போக மாட்டார்கள்.

ஈஸ்டர் கழிந்த திங்கட்கிழமை நாங்கள் போனோம். சபைக் குடும்பங்கள் நாலைந்து சேர்ந்து மொத்தம் இருபத்தொரு பேர். எனக்கு அப்போது ஒன்பது வயது. கூட வந்தவர்களில் இரண்டு பேரைப் பற்றி மட்டும் சொன்னால் போதும். ஒருத்தி என் சித்தி, அம்மாவின் தங்கை. இன்னொருவர் சித்திக்கு மாமியாராக வரப்போகிற அம்மாள். மாப்பிள்ளை திசையன்விளைப் பக்கம் வாத்தியாராக இருந்தார். கோயிலில் இரண்டு ஓலை வாசித்தாயிற்று. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை சொல்லுகிறவர்கள் இருந்தால் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு பாதிரி ஐயர் வாசிப்பார். மூன்றாவது ஓலை வருகிற ஞாயிற்றுக்கிழமை. அதுவரைக்கும் பெண்ணைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் அந்த அம்மாள் எங்களோடு புறப்பட்டு வந்தார் என்பது என் அம்மாவின் அபிப்பிராயம். ரயிலில் சித்தி கொட்டாவி விட்டதைக்கூட அந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார்.

அம்பாசமுத்திரத்தில் இறங்கி, மூன்று வில்வண்டிகளில் பாபநாசம் போய்ச் சேரும்போது வெயில் ஏறியிருந்தது. ஆற்றின் நடுவே வழுக்குப் பாறை கிடந்தது. மேல்பக்கம் தட்டையாக இருந்து, பிறகு ஒரே சரிவாகக் கீழே மடுவில் இறங்கும் பெரிய பாறை. சரிவு முழுவதும் மெல்லிசாகத் தண்ணீர் ஓடும். பாக்கு மட்டையின் மேல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டால் அடுத்த மூச்சில் மடுவுக்குள் இருக்கலாம். கரையிலிருந்து பாறைக்குப் போக, மேல்பக்கத்து ஓடையில் எட்டுக் கற்கள் போட்டிருந்தார்கள். அவற்றில் கால் வைத்துத்தான் தாண்ட வேண்டும்.

அங்கேதான் புன்னைக்காய் வந்தது. கல்லைத் தாண்டுகிற ஒவ்வொருவர் கையிலும் அண்ணாச்சி ஒரு காயைக் கொடுத்தார். திரும்பி வரும்போது அவர் மஞ்சள் பைக்குள் அதைப் போட்டுவிட்டு வர வேண்டும். காய் குறைந்தால் பாறையில் ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

"என்ன வே இது, சின்னப் பிள்ளைய விளையாட்டு? ஆள எண்ணினாப் போதாதாக்கும்?" என்றார் அப்பா.

"தலை நடமாடும் வாத்தியாரையா. ஒருத்தன் குனிவான், ஒருத்தன் மரத்துக்குப் பின்னால போவான். காய் அப்படியா? குடுத்தது குடுத்தபடி இருக்கும்" என்றார் அண்ணாச்சி.

அப்பா சிரித்தார். ஆனால் காயை வாங்கி ஜேபியில் பத்திரமாகப் போட்டுக்கொண்டார்.

வழுக்குவது ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் மட்டும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பெண்கள் பாறையின் மேல்பக்கத்தில் ஒரு குண்டுக்கல்லின் நிழலில் உட்கார்ந்து ஈரத் துணிகளைக் காவல் காத்தார்கள். அப்பா வழுக்கிப் போய் மடுவில் குப்புற விழுந்து மூக்கில் தண்ணீர் ஏறி எழுந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். சித்தி மட்டும் சிரிக்கவில்லை. அவள் பாக்கு மட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எட்டு முறை வழுக்கினேன். ஒவ்வொரு முறை மேலே ஏறி வரும்போதும், "வயித்துக்குள்ள எப்படிட்டி இருக்கு?" என்று ரகசியமாகக் கேட்டாள். ஒரு ஒன்பது வயதுப் பிள்ளையைப் பார்த்து அத்தனை பொறாமைப்பட்ட பெரிய மனுஷியை நான் அதற்குப் பிறகு கண்டதில்லை.

மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டார்கள். எல்லோரும் கல்லைத் தாண்டக் கிளம்பியபோது சித்தி என் கையைப் பிடித்துக் குண்டுக்கல்லுக்குப் பின்னால் இழுத்தாள். அவளுடைய காயை என் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"ஏட்டி, உன் காயோட இதையும் சேத்துப் போட்டுரு. எல்லாரும் அங்கிட்டுப் போனதும் நான் ஒரே ஒரு வாட்டி வழுக்கிட்டு வந்திருதேன். எல போடுததுக்குள்ள வந்திருவேன்."

"யாராவது கேட்டா?"

"மூச்சு விடப்படாது. அந்த அம்மா காதுல விழுந்துச்சு, என் கல்யாணம் நின்னு போகும், பாத்துக்கோ."

கல்யாணம் நிற்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் ஒரு அக்காவுக்கு அப்படி நின்று போய், அவள் கோயிலுக்கு வருவதையே விட்டுவிட்டாள். நான் தலையாட்டினேன்.

பையைச் சுற்றிப் பிள்ளைகள் முண்டியடித்தார்கள். நான் கையை இரண்டு முறை உள்ளே விட்டேன். அண்ணாச்சி என்னைக் கவனிக்கவில்லை. தண்ணீர் ஓரத்தில் காலையில் நட்டு வைத்திருந்த ஒரு குச்சியை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

மருத மரத்தடியில் இலை போட்டுக் கட்டுச்சோற்றைப் பிரித்தார்கள். இரண்டு கவளம்கூட உள்ளே போயிருக்காது. மலைக்கு மேல் எங்கேயோ இடி உருண்டது. நாங்கள் இருந்த இடத்தில் நல்ல வெயில், ஒரு பொட்டு மேகம் இல்லை. அண்ணாச்சி ஆற்றங்கரைக்கு ஓடினார். ஓடின வேகத்தில் திரும்பி வந்தார்.

"குச்சியக் காணும். தண்ணி கலங்கிட்டு. சருகும் நுரையுமா வருது. எல்லாரும் எந்திரிங்க, வண்டிக்குப் போங்க."

"மழையே இல்லையே வே" என்றார் அப்பா.

"மேல பேஞ்சிட்டு வாத்தியாரையா. இங்கன வந்து சொல்லிட்டா பெய்யும்?" என்று சொல்லிக்கொண்டே பையைத் துண்டில் கொட்டிக் காய்களை எண்ணினார். இருபத்தொன்று. மறுபடி எண்ணினார். இருபத்தொன்று. அவர் முகம் தெளிந்தது. நானும் கூடவே எண்ணினேன். என் வாழ்க்கையில் சரியாக வந்த ஒரு கணக்கைக் கண்டு அப்படிப் பயந்ததே இல்லை.

பாத்திரங்களை அள்ளிப் போட்டுக்கொண்டு எல்லோரும் வண்டிகளுக்கு ஓடினார்கள். என்னை அம்மா தூக்கி முதல் வண்டியில் போட்டாள். எனக்கு எதிரே சம்பந்தி அம்மாள். "உன் சித்தி எங்க?" என்று அவர் கேட்டார். அம்மா எனக்கு முந்தி, "பின் வண்டியில குமரிப் பிள்ளைகளோட இருப்பா" என்றாள். நான் வாயைத் திறந்து மூடினேன். சித்தி இதற்குள் வந்து பின் வண்டியில் ஏறியிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வந்திராவிட்டால்? சொன்னால் கல்யாணம் நின்றுவிடும். சொல்லாவிட்டால்? ஆற்றின் சத்தம் காலையில் கேட்ட சத்தமாக இல்லை. தறிக்கூடம் ஒன்று பக்கத்தில் வந்து நின்றதுபோல் இருந்தது.

வண்டி நகர்ந்தது. நான் பின்பக்கமாகக் குதித்தேன். முழங்கால் கிழிந்தது. அம்மா கத்தினாள். பின் வண்டிக்குள் எட்டிப் பார்த்தேன். நாலு குமரிப் பிள்ளைகள் இருந்தார்கள், சித்தி இல்லை.

எல்லோருக்கும் கடைசியில் அண்ணாச்சி கயிற்றுச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துகொண்டிருந்தார். நான் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

"சித்தி பாறையில இருக்கா. ரெண்டு காயும் நான்தான் போட்டேன். யார்ட்டயும் சொல்லிராதீங்க, கல்யாணம் நின்னுரும்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. வந்த வழியே திரும்பி ஓடினார்.

நானும் ஓடினேன். எனக்குப் பின்னால் எல்லோரும் ஓடிவந்தார்கள். கரைக்குப் போனபோது ஓடையில் எட்டுக் கல்லில் ஒன்றுகூடத் தெரியவில்லை. செந்தண்ணீர் மரக்கிளைகளைப் புரட்டிக்கொண்டு போயிற்று. பாறையின் மேல்பக்கத்தில் சித்தி பாக்கு மட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். சேலை நனையவில்லை. அவள் இன்னும் வழுக்கியிருக்கவில்லை. ஆசைப்பட்டு நின்றவள், தனியாக உட்காரத் துணிவு வராமல் அத்தனை நேரத்தையும் போக்கியிருக்கிறாள். தண்ணீர் அவள் பாதத்தைத் தொட்டுவிட்டுப் போவதைப் பார்த்தேன். என்னால்தான் சித்தி சாகப் போகிறாள் என்று நினைத்தேன். ஜெபம் பண்ண வாயெடுத்தால், 'பரமண்டலங்களில் இருக்கிற எங்கள் பிதாவே' என்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் வரவில்லை.

அண்ணாச்சி கயிற்றின் ஒரு முனையை மருத மரத்தில் கட்டினார். மறு முனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு மடுவுக்குள் இறங்கினார். ஓடையைவிட மடு அகலம், அங்கே இழுப்புக் கொஞ்சம் குறைவு. அப்பாவும் மற்ற ஆண்களும் கயிற்றைப் பிடித்தார்கள். தண்ணீர் அவர் நெஞ்சுக்கு வந்தது, பிறகு கழுத்துக்கு வந்தது. ஒரு முறை தலை முழுதும் மறைந்தது. பாறையின் அடியைப் போய்ப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்துக் கத்தினார்.

"மட்டையில உக்காரு தாயி! உக்காந்து வழுக்கி வா, நான் பிடிச்சுக்கிடுதேன்!"

சித்தி அசையவில்லை. அவள் கண் தண்ணீரைப் பார்க்கவில்லை, கரையில் நின்ற சம்பந்தி அம்மாளைப் பார்த்தது.

"ஏ பிள்ள! அவரு சொல்லுததக் கேளு! உக்காருட்டி!" என்று அலறியது அந்த அம்மாள்தான்.

சித்தி உட்கார்ந்தாள். எல்லோர் கண்ணுக்கும் முன்னால், மாமியார் ஆகப் போகிறவரின் உத்தரவின்படி, அவள் வழுக்கி வந்தாள். நான் கண்ணை மூடவில்லை. பாதி வழியில் அவள் வாய் திறந்தது. அது அலறலா சிரிப்பா என்று ஆற்றின் சத்தத்தில் கேட்கவில்லை. அண்ணாச்சி அவள் தலைமயிரையும் கையையும் சேர்த்துப் பிடித்தார். ஆண்கள் கயிற்றை இழுத்தார்கள். இரண்டு பேரும் கரையில் வந்து விழுந்தார்கள்.

பிறகு அப்பா கேட்டார், "காய் இருபத்தொண்ணு இருந்துச்சே. இவ எப்படி அங்கன நின்னா?"

சித்தி வாயைத் திறந்தாள். அதற்குள் அண்ணாச்சி, மூச்சு வாங்க வாங்க, தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"தப்பு என்னுதுதான் வாத்தியாரையா. எண்ணினதுல பிசகிட்டேன். இருவதுதான் இருந்திருக்கும். இந்தப் பிள்ள கல்லு பக்கத்துல அசந்து தூங்கியிருக்கு, நான் பாக்காம வந்துட்டேன்."

அப்பா அவரைத் திட்டிய திட்டு இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. இருபது வரைக்கும் எண்ணத் தெரியாத முட்டாளை நம்பிப் பெண்பிள்ளைகளைக் கூட்டிவந்தேனே என்றார். அண்ணாச்சி மரத்திலிருந்து கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினார். சம்பந்தி அம்மாள் தன் உலர்ந்த துப்பட்டியைச் சித்தியின் மேல் போர்த்தி, "பாவம், தூங்கின பிள்ளைய விட்டுட்டு வந்துட்டோமே" என்று அழுதார். நான் அம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். தப்பித்தோம் என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

மூன்றாவது ஓலை வாசித்தார்கள். யாரும் தடை சொல்லவில்லை. கல்யாணம் நன்றாக நடந்தது. அப்பா இந்தக் கதையைப் பள்ளிக்கூடத்தில் சொன்னார், கோயில் வாசலில் சொன்னார், கல்யாணப் பந்தலிலும் சொன்னார். யாராவது பையன் கணக்கைத் தப்பாகப் போட்டால், "இது என்னலே புன்னைக்காய்க் கணக்கு?" என்பார். வகுப்பு சிரிக்கும். அடுத்த ஈஸ்டருக்குச் சபையில் யாரும் பாபநாசத்துக்குப் போகவில்லை. டவுன்காரர்களும் போகவில்லை என்று அம்மா யாரிடமோ சொன்னாள்.

அதற்கு மறுவருஷம் சித்தப்பாவுக்குத் தென்காசிக்கு மாற்றல் ஆயிற்று. சித்தி கைக்குழந்தையோடு புறப்பட்டாள். வழியனுப்ப நானும் ரயிலடிக்குப் போயிருந்தேன். அங்கே எங்கள் டிரங்குப் பெட்டியைத் தூக்க ஓடிவந்தவர் அருவி அண்ணாச்சி. தலையில் சும்மாடு, தோளில் அதே கயிறு. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"அண்ணாச்சி! இப்ப அருவிக்குக் கூட்டிட்டுப் போறதில்லியா?"

அவர் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு சிரித்தார். "எண்ணத் தெரியாதவன் பின்னால எவம்மா வருவான்?" என்றார். பிறகு குழந்தையைப் பார்த்துவிட்டு, "சொகமா இருக்கியா தாயி?" என்று சித்தியைக் கேட்டார்.

எத்தனை நாள் கழித்தும் எங்கள் ரகசியத்தை மறக்காமல் விளையாட்டுக் காட்டுகிறாரே என்று எனக்கு ஒரே குஷி. நானும் அவரோடு சேர்ந்து விழுந்து விழுந்து சிரித்தேன். சித்தி ஜன்னலோரம் உட்கார்ந்து, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, குழந்தை வீறிட்டும் கவனிக்காமல் அழுதாள். ஊரை விட்டுப் போகிற வருத்தம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.